கரிக் கிணற்றில் ஊறிய ஆசிட்

அன்று காவாந்தண்டலத்தில், பெண் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: எங்கள் குடும்பத்தில் மூத்தவனான நான், என் தம்பி சுகுமார், அவன் மனைவி மஞ்சுளா, ஜார்க்கண்டில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் கோகுல்ராஜ், மணப்பெண் கஸ்தூரி, அவள் தகப்பனார் ஏகாம்பரம், தாயார் தேவகி. வேறு எவரும் இல்லை.

நிச்சயத்தட்டு மாற்றும் நேரத்தில் ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தார்.

“இன்னா மாப்ள, ஜார்க்கண்ட்ல கெணத்துல ஆசிட்ட ஊத்திப் பாழ் பண்ணிட்டியாமே? ஊரே பேசிக்கினு கீது.”

“எங்க வூட்டுப் புள்ளய விசாரிக்கறதுக்கா கூப்ட்டீங்க?” என்றேன்.

“இருங்க பெரிப்பா, நானே சொல்றேன்” என்றான் கோகுல்ராஜ். “அது தண்ணிக் கெணறு இல்ல மாமா. பூமிக்கடில கீற நிலக்கரிலேர்ந்து காஸ் எடுக்கற கெணறு. கரில மெல்லிசா வெடிப்பு இருக்கும். அதுல சுண்ணாம்பு அடச்சிக்கினா காஸ் வராது. ஆசிட்டு அத்தக் கரைச்சிடும்.”

“அப்புறம் எப்டிப் பாழாச்சி?”

அவன் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவன். நூலைச் சோப்புத் தண்ணீரில் அவித்துப் பசை போக்குவதைப் பார்த்து வளர்ந்தவன். பசை போகாவிட்டால் இன்னும் சற்று நேரம் கொதிக்க விடுவோம். அதே நினைப்பில், குறித்த நேரம் கடந்தும் ஆசிட்டைக் கிணற்றிலேயே ஊற விட்டிருக்கிறான். கரி உதிர்ந்து, அந்தத் தூளே வெடிப்புகளை அடைத்துவிட்டது. வந்துகொண்டிருந்த காஸும் நின்றுபோனது.

“என் தப்புதான் மாமா. மேனேஜர்கிட்டயும் அப்டிதான் சொன்னேன்.”

மஞ்சுளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டை வாங்க நீட்டிய கையை ஏகாம்பரம் மடக்கிக்கொண்டார். நாங்கள் கொண்டுபோன தட்டு எந்த வீட்டிலிருந்தும் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் கெஞ்சுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டேன்.

அப்போது கஸ்தூரி கேட்டாள்: “அந்தக் கெணறு இப்ப எப்டி கீது?”

“தூளெல்லாம் அலசி எடுத்தோம். ஆசிட்டு வீரியத்தக் கொறச்சி, சீக்கிரமே வெளில எடுத்தோம். இப்ப முன்னவிட நல்லா வருது.”

“நைனா, தப்பு பண்ணிட்டு ஒத்துக்கற ஆம்பளய நம்ம வூட்ல நீ பாத்துகீறியா?”

தேவகி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வூட்டுக்கு வர்றவன் முன்னாடியே என் மானத்த வாங்குறாளே!” என்று ஏகாம்பரமும் சிரித்துவிட்டார். என்னைப் பார்த்து, “உக்காருங்க சம்பந்தி” என்றார்.

உட்கார்ந்தேன். தட்டு மாறியது.

கிணற்று விஷயத்தை மறைத்துப் பெண் எடுத்தோம் என்று உத்திரமேரூர்க் கடைத்தெருவில் சிலர் சொல்கிறார்கள். அது பொய். தட்டு மாறுவதற்கு முன்பே பையன் தன் வாயால் எல்லாவற்றையும் சொன்னான்.