அழித்த பென்சில் கோடுகள்

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் சம்பளமில்லாமல் உழைத்தவள் நான். செவ்வாயும் சனியும் திறப்பேன், பெருக்குவேன், பூட்டுவேன். பழைய காகிதத்தை எச்சில் விரலால் புரட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒரு மேயரையே கை கழுவிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். சிடுமூஞ்சி ஆர்டித் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டுமே. யார் வேலி எங்கே முடிகிறது, யார் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று கேட்க என்னிடம்தான் வந்தாக வேண்டும். நான் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கிளமெண்ட் ஹுடாக் வந்தார். அவருடைய அப்பா இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அந்த அப்பாவின் நோட்டுப் புத்தகத்தை என் மேசையில் போட்டார்.

"பரண்ல கெடந்துச்சு ஆர்டித். எலி தின்னது போக மிச்சம் உனக்குத்தான்."

"நம்ம ஊருலயே வரலாற்றுல ஆர்வம் இருக்கறது எலிக்கு மட்டும்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போனபின் படித்தேன். 'கம்பெனி மூடிவிட்டது. அடுப்புக்குக் கரி இல்லை. நாங்கள் ஆறு பேர் ரகசியமாக இறங்கி, மேல்தரையைத் தாங்க விட்டிருந்த கரித் தூண்களையே வெட்டி எடுத்தோம். எந்தெந்தத் தூண் என்று கம்பெனி வரைபடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். அதற்கு மேலே யாரும் ஒன்றும் கட்டக் கூடாது.'

அந்த வரைபடம் எங்களிடம்தான் இருக்கிறது. நான் சங்கத்தில் சேர்ந்த வருடம் வந்தது. அதன் கீழ்மூலை முழுக்கப் பென்சில் கிறுக்கல். எவனோ குமாஸ்தாவின் பிள்ளை செய்த வேலை என்று நினைத்து, மூன்று நாள் உட்கார்ந்து, மெத்தென்ற ரப்பரால் ஒரு கோடு விடாமல் அழித்தேன். படம் புதுசுபோல ஆகிவிட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஆறு வருடம் கழித்து, அந்த மூலையில் வரும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டலாமா என்று ஊர் மன்றம் சங்கத்திடம் கேட்டது. 'கீழே தூண்கள் அப்படியே உள்ளன' என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை.

படத்தை விரித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். கோடுகள் போயிருந்தன; பென்சில் அழுந்திய பள்ளங்கள் போகவில்லை. தூணுக்கொரு குறுக்குக் கோடு.

திங்கட்கிழமை மாநிலச் சுரங்க அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்று வாரத்தில் ஆள் வருவார் என்றார்கள். காப்பகத்துக்குப் போனேன். அதை நடத்தும் மார்லிஸ் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அத்தை, இந்த வேடிக்கையப் பாருங்களேன். பந்தை எங்க வெச்சாலும் தானா நடுவுல வந்து நிக்குது. ஒரு மாசமா பிள்ளைங்களுக்கு இதே வெளையாட்டு."

ஒரு மாதமாக.

அன்று சாயங்காலம் மன்றக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லி, காப்பகத்தை மூடச் சொன்னேன். தலைவன் டெல்மர் கிரெஸ்கி என் பழைய கடிதத்தை எடுத்து ஆட்டினான்.

"உன் கையெழுத்துதான ஆர்டித்?"

"ஆமா. அது தப்பு. நான் பண்ணுன தப்பு."

"நீயாவது, தப்பாவது! எங்க தாத்தா கல்லறைக் கல்லுல இருக்கற தேதியே தப்புன்னு நிரூபிச்சவளாச்சே நீ."

"ஆனைக்கும் அடி சறுக்கும் டெல்மர்."

"ஆனைக்கு வயசாயிடுச்சு" என்றது பின்வரிசையில் ஒரு குரல். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"அதை மூடுனா பதினெட்டுப் பிள்ளைங்கள எங்க விடறது? அம்மாக்காரிங்க வேலைக்குப் போக வேணாமா? எலி கடிச்ச நோட்டை நம்பியா?" என்று டெல்மர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான்.

எனக்கு அழுகை வந்தது. நாலு தடவை தப்பாகச் சொன்னவளாக இருந்திருந்தால் இந்தக் கடிதமும் தப்பு என்று நம்பியிருப்பார்கள்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குக் காப்பகத்துக்குள் நுழைந்து, சுவரில் இருந்த நெருப்பு மணியை இழுத்துவிட்டேன்.

பிள்ளைகள் கோட்டுகூட இல்லாமல் ஒரே கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக வெளியே வந்தார்கள். தீயணைப்புத் தலைவன் ஸ்டாஷ் வார்கோ வண்டியில் வந்து இறங்கினான். அடித்தளம் வரை போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"பொய் மணி அடிச்சா கேஸு, தெரியுமில்ல அத்தை? உள்ள ஒண்ணுமே இல்ல."

"கீழயும் ஒண்ணுமே இல்லடா. அதைத்தான் சொல்றேன்."

"பிள்ளைங்க குளுருல நடுங்குது" என்று மார்லிஸ் என்னைப் பார்த்துக் கத்தினாள். "உங்களுக்கே நல்லாருக்கா?"

வரிசை திரும்ப உள்ளே போனது. பதினெட்டு. எண்ணினேன். கடைசியில் போன மார்லிஸ் கதவை இழுத்தாள். அது மூடவில்லை. நிலைக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. மறுபடி பலமாக இழுத்தாள். அசையவில்லை.

"இப்பத்தான நல்லா மூடுச்சு!"

ஸ்டாஷ் தோளைக் கொடுத்துத் தள்ளினான். நிலைக்கு மேலே சுண்ணாம்பு உதிர்ந்து அவன் சட்டைக் கையில் விழுந்தது. மேலே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மார்லிஸ்" என்றான், குரலை உயர்த்தாமல். "பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வா. ஓட விடாத. குதிக்க விடாத."

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். பதினான்காவதற்கும் பதினைந்தாவதற்கும் நடுவில் உள்ளே எங்கேயோ கண்ணாடி உடைந்தது. பதினெட்டாவது பிள்ளையை மார்லிஸ் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லோரையும் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனோம். கட்டடம் இன்னும் நின்றது. தரைக்கடியில் மட்டும் மூட்டையை இழுப்பதுபோல ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது.

"அத்தை" என்றான் ஸ்டாஷ். "அந்தக் கோடெல்லாம் இந்த எடத்தோட முடிஞ்சுடுதுல்ல?"

"படத்தோட ஓரம் வரைக்கும் போகுது."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

மணிச் சத்தம் கேட்டு, தெரு நெடுக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.