உப்பு இறங்கிய கல்

எங்கள் கடற்கரைக்கு வேலி போட்டுப் பலகை வைத்த நாளிலிருந்து ஊரார் எங்கள் புதைபடிவப் பாதுகாப்பு அலுவலகத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "கல்லைத் தொடாதேன்னு சொன்னவங்கதானே," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. முன்பு கடலோரக் குன்றின் அடியில் பொறுக்கிய கல் இல்லாத வீடே இங்கே கிடையாது. அந்தக் கற்களைக் கொடுங்கள், எத்தனை கோடி வருஷத்துக் கல் என்று சொல்கிறோம், ஒரு மாதம் காட்சிக்கு வைத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று நான்தான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். முடிவெட்டுகிறவர் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைத் தூக்கி வந்தார். அதில் மீனின் முதுகெலும்பு பதிந்திருந்தது. "இருபது வருஷமா உதைச்சிருக்கேன், இது ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார்.

என் அம்மா மட்டும் அசையவில்லை.

அம்மாவின் கல் உள்ளங்கை அகலம். நடுவில் ஒரு சுருள் சிப்பியின் அச்சு. பள்ளிக்கூடத்தில் காட்ட இப்படி ஒரு கல் வேண்டும் என்று அடம்பிடித்து அண்ணனிடம் கேட்டது நான்தான். எடுக்கப் போனவனைக் குன்றடியில் ஏறிவந்த தண்ணீர் மடக்கிக்கொண்டது. மறுநாள் கரையில் கிடந்தவனின் தோள்பைக்குள் கல் பத்திரமாக இருந்தது.

மழைக்கு முன் காற்று கனக்கும்போது அந்தக் கல் வியர்க்கும். "வந்துட்டான், தலைகூடத் துவட்டாம," என்று அம்மா துண்டெடுத்துத் துடைப்பாள். உள்ளே இருக்கிற கடல் உப்பு ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். இதைத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் விளக்குகிறேன். ஆனாலும் கல் வியர்க்கிற நாட்களில் நான் அந்த அறைப்பக்கம் போனதில்லை. பயம்தான்.

"ஊரே குடுத்துடுச்சும்மா. கேட்டவ வீட்டுக் கல்லே இல்லேன்னா என்னை என்ன நினைப்பாங்க?" என்று நச்சரித்து வாங்கினேன்.

"ஒரு மாசம்தான். அவன் வர்றதுக்குள்ள கொண்டாந்துடு," என்றாள்.

கடல் கல் எது வந்தாலும் உப்பு இறங்கும்வரை நல்ல தண்ணீரில் ஊறவைப்பது எங்கள் வழக்கம். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உப்புப் பூத்து அச்சு உதிர்ந்துவிடும். மற்ற ஐம்பது கற்களோடு இதையும் தொட்டியில் போட்டேன். கைப்பழக்கம். ஒரு நொடி யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை.

காட்சிக்கு ஊரே திரண்டது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மாதம் முடிந்ததும் கல்லை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மழைக்காலம் வந்தது. கல் காய்ந்தே கிடந்தது. அம்மா மடியில் துண்டை வைத்துக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்.

"அவன்கிட்ட ஏதாவது சொன்னியா?"

"நான் என்னம்மா சொல்லப்போறேன்?"

"வராதேன்னு."

ஒருமுறை கேட்டு அனுப்பி அவனைக் கொன்றேன். இப்போது கழுவியும் விட்டேன்.

மதியம் அம்மா கண்ணயர்ந்ததும் ஒரு வாளி கடல்தண்ணீர் கொண்டுவந்து குளியலறையில் வைத்தேன். அச்சு உதிர்ந்தால் உதிரட்டும் என்று கல்லை உள்ளே இறக்கினேன். உலர்ந்த கல்லிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நுண்துளைகளில் இருக்கும் காற்று. அதுவும் எனக்குத் தெரியும். இருந்தும் வாளியைப் பார்க்க முடியாமல் எழுந்தேன்.

திரும்பினால் வாசலில் அம்மா, கையில் துண்டோடு. குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துடுடி," என்றாள் மெதுவாக. "மூச்சு முட்டுது அவனுக்கு."