இரண்டாவது தடவை கேட்ட கேள்வி

சுரங்க நகரமான கித்வேயில் பிறந்து வளர்ந்த கலாபா, வாத்தியாராக, செவா இன மக்கள் வாழும் இந்தக் கிராமத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் முழங்கால் மடக்கி, மெல்லக் கைதட்டி மரியாதை செய்தார்கள். ஆனால் ஒருவர்கூட அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு கவளம் நிசிமாக் களி சாப்பிட்டதில்லை.

பள்ளியில் முதல் வகுப்பு மட்டும்தான். தேறிய பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்குப் போகலாம். யோசிக்கும் திறனை அளக்க கல்வி ஆபீஸ் ஒரு கேள்வி அனுப்பியிருந்தது. இரண்டு கோப்பையில் சமமாகத் தண்ணீர். ஒன்றை ஒல்லிக் குப்பியில் ஊற்றிவிட்டு, எதில் அதிகம் என்று கேட்க வேண்டும்.

எட்டு வயது ஃபைடெஸ், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றாள். பதில் பட்டென்று வந்ததில் கலாபாவுக்குச் சந்தேகம். புத்திசாலி வாத்தியார் அல்லவா, இன்னொரு தடவை கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, குப்பியில்தான் அதிகம் என்றாள். 'பக்குவம் போதாது' என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் வயதுப் பிள்ளைகள் ஆறு பேரும் ஆற்றைத் தாண்டிப் போனார்கள். ஃபைடெஸ் மட்டும் பொடிசுகளுக்கு நடுவில், பெஞ்சுக்கடியில் காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்தாள்.

ஒரு நாள் இடைவேளையில் இரண்டு பொடிசுகளுக்கு, ஒருத்திக்குக் கிண்ணத்திலும் மற்றவளுக்கு டப்பாவிலும், சோளக்கூழ் பங்கிட்டாள். டப்பாவில் அதிகம் என்று கிண்ணம் வாங்கியவள் அழுதாள்.

"ஒசரமாத் தெரியுதுன்னு அழுவாதடி. டப்பா ஒல்லி. திருப்பி ஊத்துனா அதேதான்."

கலாபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னாய் என்றார்.

"நீங்க மறுபடி கேட்டீங்களே சார். பெரியவங்க மறுபடி கேட்டா மொதல்ல சொன்னது சரியில்லன்னுதான அர்த்தம்? அதையே சொன்னா எதுத்துப் பேசுற மாதிரி ஆயிடும்."

அன்றே ஆபீசுக்கு எழுதினார். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதை அவளிடம் சொல்லிவிட்டு, தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல சார்."

பொய் என்று தெரிந்தது. மறுபடி கேட்டால் ஆமாம் என்பாள். அதுவும் அவருக்காகச் சொல்வதுதான். இந்த ஊர் இத்தனை நாள் தனக்குச் சொன்ன பதில்கள் எல்லாமே இப்படித்தானோ என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

"எனக்கு இங்க யாருமே இல்ல ஃபைடெஸ்," என்றார்.

அவள் வெகுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எனக்குந்தான் சார்," என்றாள், யாரும் கேட்காமலே.