அரைச் சுருதி

மின்விசிறி கரகரவென்று சுற்றுகிறது, அதன் கீழே யாரோ இரும்பு நாற்காலியை இழுக்கிறார், ஒரு பெண் கிசுகிசுக்கிறாள், இங்க உக்காராத, தூண் மறைக்குது, பிறகு குச்சியோடு குச்சி நான்கு தட்டு, பாட்டு ஆரம்பிக்கிறது, 1973, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய ஒரு மன்றம், நான் பிறக்க இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது, ஆனாலும் அந்தத் தூண் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும், மூன்றாவது வரிசைக்கு இடப்பக்கம், ஏனென்றால் இடப்பக்கத்துக் கிதார் மட்டும் சுவரில் மோதித் திரும்புவதுபோலக் கேட்கிறது. இரவெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளிநாட்டு மருத்துவர்கள் முணுமுணுப்பதைத் தட்டச்சு செய்கிறேன், யாருடைய பித்தப்பை, யாருடைய இடது முழங்கால், பொறியியலை மூன்றாம் ஆண்டில் விட்டவனுக்குக் கிடைத்த வேலை, பகலில் கறுப்புத் திரை தொங்கும் அறையில் படுத்துக்கொண்டு இந்த நாடாவைக் கேட்கிறேன், பாதியில் தூங்கிவிடுவேன், தூக்கத்திலும் பாட்டு ஓடும், அங்கே நான் நாற்காலி இல்லாமல் நிற்பேன், அந்தப் பெண் என்னைத்தான் நகரச் சொல்வாள்.

கச்சேரிகளில் பார்வையாளர் யாராவது மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்டு வந்த பழைய ராக் குழுக்களின் நாடாக்கள், இவைதாம் எங்கள் தேடல், நாங்கள் இருபத்துமூன்று பேர், யாரும் விற்பதில்லை, மாற்றிக்கொள்வோம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், ஒலிக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று, பத்துக்கு. ஒரே ஒரு சட்டம் உண்டு, நாடாவில் கை வைத்தால், இரைச்சலைக் குறைத்தாலும் சரி, நடுவில் வெட்டினாலும் சரி, என்ன செய்தாய் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும், வைக்காதவனுக்கு இடமில்லை, திருச்சியில் சத்தியசீலன் சார் போட்ட சட்டம், பட்டியல் அவரிடம்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நான் போட்ட மதிப்பெண்ணை யாரும் கேள்வி கேட்டதில்லை, தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் என்பார், வேறு எந்த இடத்திலும் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னது கிடையாது.

தி கூட்ஸ் ஷெட் என்று அந்தக் குழுவுக்குப் பெயர், ஐந்து பேரும் ரயில்வே வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் வாசித்ததில் மிஞ்சியது இந்த ஒரே நாடா, ரயில் பட்டறையில் வேலை பார்த்த தணிகாசலம் என்பவர் பதிந்தது, அவர் வீட்டைக் காலி செய்தபோது என் கைக்கு வந்தது. முதல் தடவை கேட்கும்போதே சுருதி அரை இறங்கியிருந்தது தெரிந்தது, கிதார் மட்டும் என்றால் அவர்கள் வேண்டுமென்றே இறக்கியிருப்பார்கள் என்று நினைத்திருப்பேன், பியானோவும் அதே அளவு இறங்கியிருந்தது, பியானோவை ஒரு கச்சேரிக்காக யாரும் இறக்க மாட்டார்கள், ஆகவே பழுது நாடாவில்தான், ரெக்கார்டர் அன்று கொஞ்சம் வேகமாக ஓடிப் பதிந்திருக்கிறது, அதனால் இன்று மெதுவாகக் கேட்கிறது, முடிவு கட்டிவிட்டேன். வேகத்தைக் கூட்டினேன், சுருதி உட்கார்ந்தது, பாடகனின் குரல் பளபளத்தது, நாற்பத்தேழு நிமிடம் நாற்பத்துநான்கானது, சீட்டு எழுதப் பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. தொட்டது தெரியாமல் தொட்டிருக்கிறேன் என்ற கர்வம், அல்லது தூக்கம், இரண்டில் எது என்று இப்போது சொல்ல முடியவில்லை. ஒலி எட்டு, வாசிப்பு ஏழு, அடியில் ஒரு வரி சேர்த்தேன், டிரம்ஸ் மட்டும் நான்கு, எல்லாப் பாட்டையும் அவசரமாகத் துரத்துகிறார். அந்தப் பிரதி எங்கெங்கோ போனது, நான் பார்க்காத ஊர்களிலிருந்து நன்றி வந்தது.

ஆறு வருடம் கழித்து ஒரு காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்படுகிறது, நல்ல தூக்கத்தில் இருக்கிறேன், முதலில் அது நாடாவில் வரும் தட்டு என்று நினைத்தேன், நான்கு, சீராக. வெளியே எழுபதைத் தாண்டிய ஒருவர், தேய்த்த சட்டை, நீதானா மேன் மார்க் போடறவன் என்கிறார், ஆமாம் என்றேன், நான்தான் அந்த நாலு என்றார். நெவில், கூட்ஸ் ஷெட்டின் டிரம்மர், சென்ட்ரலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், உள்ளே வந்து உட்கார இடம் தேடி நாடாப் பெட்டிகளை நகர்த்திவிட்டுக் கட்டிலில் உட்காருகிறார், என்னா மேன் ரூம் இது, மார்ச்சுவரி மாதிரி வெச்சிருக்க. மற்ற நால்வரும் எப்போதோ பெர்த் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள், என் பிரதியிலிருந்து ஒரு இசைத்தட்டு வெளியிடப்போகிறார்கள், பாடகன் ரோட்னிதான் முன்னால் நின்று செய்கிறான், டிரம்ஸ் அவசரமா இருக்காம், அத அமுக்கிட்டு மேல ஒரு ஆஸ்திரேலியாக்காரன வெச்சு வாசிக்கப் போறாங்களாம், உன் பேப்பரைப் படிச்சுக் காட்றான் போன்ல, எக்ஸ்பர்ட் சொல்லிட்டாருங்கறான், வெள்ளிக்கிழமை அந்தப் பையன் ஸ்டுடியோவுக்கு வர்றான், இன்னிக்குச் செவ்வா. நான் வாசிச்சதுல உலகத்துல இருக்கறது அந்த ஒண்ணுதான் மேன், அதுலயும் நான் இருக்க மாட்டேன்.

போடு, கேக்கலாம் என்றார். என் பிரதியைப் போட்டேன், ரோட்னி பாட ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார், யார் இது, ரோட்னியோட தங்கச்சியா. நான் சிரிக்கவில்லை. முழங்காலில் விரல்களால் கூடவே தட்டிப் பார்த்தார், இரண்டு வரிக்குள் விரல் பின்தங்கியது, நிறுத்தச் சொன்னார், இவ்வளவு ஸ்பீடா எவன் வாசிப்பான், ட்ரெய்னைப் புடிக்கணுமா எங்களுக்கு. அங்கிள், சுருதி அரை இறங்கியிருந்தது, அதனால் வேகத்தைக் கூட்டினேன் என்றேன், பியானோவும் சேர்ந்தே இறங்கியிருந்தது என்றேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்த ஹால் பியானோ எப்பவுமே இறங்கித்தான் கெடக்கும், அத ட்யூன் பண்ண ஆளே வர மாட்டான், பியானோவை ஏத்த முடியுமா, கிதாரைத்தானே எறக்கணும், அங்க வாசிச்ச எல்லாக் குரூப்பும் மொதல்ல அதத்தான் செய்வாங்க.

மூல நாடாவை எடுத்து எதையும் தொடாமல் ஓடவிட்டேன், மின்விசிறி நிதானமாகச் சுற்றியது, ரோட்னிக்கு மீசை முளைத்தது, நெவிலின் விரல்கள் முழங்காலில் போய் உட்கார்ந்தன, டிரம்ஸும் விரலும் ஒன்றாகவே போயின, பாட்டைத் துரத்தியவன் அந்த அறையில் ஒருவன்தான், அது அவர் அல்ல. அவர் கண்ணை மூடவில்லை, எதிர்ச் சுவரில் கணக்கு எழுதியிருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு நிமிடமும் முடிந்த பிறகு, நீ எழுது மேன் என்றார், நான் சொன்னா டிரம்மர் சொல்றான்னுவாங்க. எழுதினால் சீட்டு வைக்காதது வெளியே வரும், நான் அனுப்பிய இருநூறு சொச்சம் நாடாக்களையும் எல்லாரும் சந்தேகத்தோடு திருப்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும் என்று உடனே தோன்றவில்லை, அவர் போன பிறகு படுத்தேன், தூக்கத்தில் மன்றம் காலியாக இருந்தது, மேடையில் டிரம்ஸ் இருந்த இடத்தில் தரை மட்டும் தெரிந்தது, எழுந்து எழுதினேன், நான் செய்தது, செய்த நாள், எத்தனை மடங்கு வேகம், சீட்டு வைக்காதது, டிரம்ஸ் குறித்து எழுதியது தவறு என்பது. மூலப் பிரதியோடு சேர்த்து பெர்த்துக்கும் இருபத்திரண்டு பேருக்கும் போனது. சத்தியசீலன் சார் போனில், மத்ததெல்லாம் என்று கேட்டார், மற்றதில் கை வைத்த இடமெல்லாம் சீட்டு இருக்கிறது சார், இது ஒன்றுதான் என்றேன், நீங்க சொல்லித்தான் நான் நம்பணும், அதுதான் இப்ப கஷ்டமா இருக்கு தம்பி என்றார். பட்டியலிலிருந்து என் பெயர் போயிற்று. வேலைக்குப் போனேன், யாருடைய இடது முழங்காலோ மறுபடியும் காதுக்குள் வந்தது.

அடுத்த வாரம் நெவில் கேக் கொண்டுவந்தார், மூல நாடாவையே போடப் போகிறார்கள், அந்தப் பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ரோட்னி தன் குரல் கிழவன் குரலாக இருக்கிறதென்று அழுகிறானாம், அழட்டும். பிறகு கேட்டார், இப்ப எனக்கு எத்தன. என் மார்க்கை இனிமேல் யாரும் பார்க்க மாட்டார்கள் அங்கிள் என்றேன், நான் பாப்பேன், போடு என்றார். பத்து என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை, ஆறு என்றேன். ஆறா. மூன்றாவது பாட்டில் நடுவே இரண்டு தட்டு காணோம் என்றேன். அவர் கேக்கை மென்றபடியே யோசித்தார், குச்சி கைய விட்டுப் போயிருச்சு, ஒரு பொண்ணு காலுக்கடியில உருண்டு போச்சு, குனிஞ்சு எடுத்துக் குடுத்தா என்றார், ஐம்பது வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்திருந்தாராம், அப்புறம் தலையை ஆட்டினார், ஆறு சரி மேன், அந்த நாலு தான் என்னுது இல்ல.