டோன் இருக்கு

புதிதாக வந்த போன் பெட்டியில் மூன்று விளக்குகள். மூன்றும் பச்சையாக எரிந்தால் வேலை முடிந்தது என்று கூட வந்த தாளில் படம் போட்டிருந்தது. மூன்றும் பச்சையாகத்தான் எரிந்தன. போன் மட்டும் அடிக்கவில்லை. பிரேக் மாஸ்டர் சுவரோரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, மொபைலிலிருந்து தன் வீட்டு நம்பருக்கே மறுபடியும் போன் போட்டார். மொபைலுக்குள் மணி போய்க்கொண்டே இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டூல் மேல் இருந்த வீட்டுப் போனோ, யார் வீட்டிலோ யாரோ கூப்பிடுகிறார்கள், எனக்கென்ன என்பதுபோல இருந்தது.

பிரேக் மாஸ்டர் என்பது டிரைவிங் ஸ்கூலில் அவரிடம் வண்டி பழகியவர்கள் வைத்த பெயர். பழகுகிறவர் ஒரு பக்கம், சொல்லிக்கொடுக்கிறவர் மறுபக்கம். சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்ற மாஸ்டர்கள் அதை ஆபத்துக்குத்தான் மிதிப்பார்கள். இவர் எதிரே கோழி வந்தாலும் மிதிப்பார், கோழி வரலாம் என்று தோன்றினாலும் மிதிப்பார். அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் வண்டி ஓட்ட வந்ததோ இல்லையோ, கழுத்துவலி வந்தது. வீட்டிலும் அவர் அந்தப் பிரேக் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போது மகள் இந்த வீட்டில் இருந்தாள்.

பழைய கம்பி லைனை எடுக்கப் போகிறோம், இனிமேல் வீட்டுப் போன் இன்டர்நெட் வழியாகத்தான் வேலை செய்யும், நம்பர் மாறாது, ஒரு சின்னப் பெட்டி அனுப்புகிறோம், நீங்களே மாட்டிக்கொள்ளலாம் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தபோது, விட்டுவிடலாமே என்றுதான் அவர் சொன்னார். ஆளுக்கொரு மொபைல் இருக்கிறது. அந்தப் போனில் யார் கூப்பிடுகிறார்கள்? மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு பேன்ட்டின் கால்மடிப்பை ஓட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்.

"நம்பர் இருக்கட்டும்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதிலில் மகள் வருவாள் என்று அவருக்குத் தெரியும்.

மகள் போகும்போது அவர் சொன்னது பெரிய வசனம் ஒன்றுமில்லை. அவள் தானே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள், அவனோடு தொலைதூரத்துக்குப் போய் வேலை செய்யப்போவதாகச் சொன்னாள். இவர் வழக்கம்போல மிதித்தார். "போறதுன்னா போ. போனப்புறம் போன் பண்ணிக் கொஞ்சுற வேலையெல்லாம் வேணாம்." அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழாமல், "உங்களுக்குப் பண்ண மாட்டேன்பா. அம்மாகிட்டப் பேசணும்னா வீட்டு நம்பருக்குப் பண்ணுவேன்" என்றாள். அம்மாவிடம் அன்றைக்கு மொபைல் இல்லை. மகளின் அழைப்பெல்லாம் நின்ற பிறகுதான் வாங்கினாள்; அந்த நம்பர் மகளுக்குத் தெரிய வழியில்லை. மகளுடைய பழைய நம்பரைக் கூப்பிட்டால், அப்படி ஒரு எண்ணே இல்லை என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொல்லும்.

ஆரம்பத்தில் அவ்வப்போது கூப்பிட்டாள். அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா, தூங்குறியா, குளிரா இருக்கா" என்று கேட்பாள். அவர் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஒரே வரியைப் படித்துக்கொண்டிருப்பார். பிறகு அழைப்பு நின்றுபோனது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சொல்வதை விட்டாள். "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஒரு நாள் சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே பொதுவாகச் சொன்னாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் காலையில் மிஷினைத் துடைக்கும் அதே துணியால் போனையும் துடைப்பாள். துடைத்துவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பாள். உள்ளே ஊம்ம் என்று ஒரு சத்தம் கேட்கும். "டோன் இருக்கு" என்பாள், யாருக்கோ. திரும்ப வைத்துவிடுவாள். லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இருவருக்கும் தெரிந்த வழி அது ஒன்றுதான். வேறு வழி வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இப்போதும் டோன் இருந்தது. இந்தப் போனிலிருந்து மொபைலுக்குப் போட்டால் மொபைல் அடித்தது. மொபைலிலிருந்து இதற்குப் போட்டால்தான் இது அடிக்கவில்லை. அவர் கம்பெனி உதவி எண்ணைக் கூப்பிட்டார். பாட்டு போட்டார்கள். பாட்டு முடிந்து, மறுபடி அதே பாட்டு முடிந்து, ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?"

சொன்னார். அவள் பொறுமைசாலி. ரூட்டரை அணைக்கச் சொன்னாள், பெட்டியை அணைக்கச் சொன்னாள். முதலில் ரூட்டர், அது முழுசாக எழுந்த பிறகு பெட்டி என்று வரிசை சொன்னாள். அவர் செய்தார். ஒயரைக் கழற்றித் திரும்ப மாட்டச் சொன்னாள். 'டக்' என்று சத்தம் வர வேண்டும் என்றாள். வந்தது. பெட்டியில் ஒயர் சரியான ஓட்டையில்தான் இருக்கிறதா என்றாள். இருந்த ஓட்டையே ஒன்றுதான். அவள் அங்கிருந்தபடியே பெட்டிக்குள் புகுந்து ஏதோ பார்த்தாள். பிறகு அவளே வீட்டு நம்பருக்குப் போட்டாள்.

"எனக்கு ரிங் போகுது சார். உங்களுக்கு?"

"இங்க சத்தமே இல்லம்மா."

"பெட்டி ரிங் அனுப்புதுன்னுதான் எனக்குக் காட்டுது."

"அனுப்புதுன்னா வரணுமில்ல?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், பெட்டியையே மாற்றித் தரச் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது வாசல் மணி அடித்தது. பக்கத்துத் தெரு நர்ஸ், யூனிபார்மை உடம்புக்குப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தவள். மனைவி அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "கையத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம்" என்ற குரல் மட்டும் கேட்டது.

"சார், போன் பழசா?"

"பழசுதான். நல்லா இருக்கு."

"அதைக் கொஞ்சம் தலைகீழாத் திருப்பிப் பாக்குறீங்களா? சில மாடல்ல அடியில சத்தத்துக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்."

திருப்பினார். நான்கு ரப்பர் கால்கள். நடுவில் தேய்ந்துபோன ஒரு ஸ்டிக்கர். ஓரத்தில், மேலே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நகத்தால் தள்ளுகிற அளவுக்கு ஒரு கறுப்பு ஸ்விட்ச். பெரிது, சிறிது, இல்லை என்று மூன்று இடங்கள். அது 'இல்லை'யில் இருந்தது. அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த தூசி, ஒட்டிப்போய், மேடாகப் படிந்திருந்தது. மேல்பக்கம் தினமும் துடைக்கப்படுகிற போன் அது.

"இருக்கா சார்?"

"இருக்கு."

"எதுல இருக்கு?"

 அவருக்குக் கண் ஆபரேஷன் செய்த சமயம் நினைவுக்கு வந்தது. அறை இருட்டாக இருக்கிறது, பாத்ரூம் தூரம் என்று கட்டிலை இங்கே ஹாலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தலைமாட்டிலேயே போன். ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். கடன் வேண்டுமா, வீடு வேண்டுமா என்று எவனாவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அவர் பல்லைக் கடித்தார். "மனுஷன் ரெண்டு நாள் கண்ண மூடட்டும்" என்று மனைவி போனை மடியில் வைத்து ஏதோ செய்தாள். அப்புறம் சத்தம் இல்லை. அவர் நன்றாகத் தூங்கினார். கட்டுப் பிரித்தது, கட்டிலைத் திரும்ப அறைக்குக் கொண்டுபோனது, அவர் பேப்பர் படிக்க ஆரம்பித்தது எல்லாம் நடந்தது. கடன் தருகிறவர்களும் வீடு விற்பவர்களும் ஒருவழியாகத் தொலைந்தார்கள் என்று இருவரும் பேசிச் சந்தோஷப்பட்டதுகூட உண்டு. மகள் கூப்பிடுவதை நிறுத்தியதும் அந்த வாக்கில்தான்.

ஏதாவது வரும் என்று காத்திருந்தார். பயமோ அழுகையோ எதுவும் வரவில்லை. பல் பிடுங்கிவிட்டு வந்தவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல, மகள் அங்கே எங்கோ ஓரிடத்தில் மணி போவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தார். அப்பா எடுக்க விடவில்லை என்று நினைத்திருப்பாள். அம்மாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். எத்தனை தடவைக்கு அப்புறம் விட்டிருப்பாள்? நினைக்க முடிந்தது. வலிக்க வேண்டிய இடத்தில் வலி மட்டும் இல்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. பழைய லைன்ல இருந்தப்போ யார் யார் கூப்பிட்டாங்கன்னு உங்களால பாக்க முடியுமா?"

"எங்ககிட்ட இன்னையிலேருந்துதான் சார் இருக்கும். அது பழைய சிஸ்டம். அதெல்லாம் இனிமே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "முக்கியமான கால் ஏதாவதா சார்?" என்றாள்.

"இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

ஸ்விட்சை நகத்தால் தள்ளினார். தூசியில் இறுகிப்போயிருந்தது, சாவி முனையால் நெம்பித்தான் 'பெரிது'க்குக் கொண்டுபோக முடிந்தது. சுற்றியிருந்த அழுக்கைச் சட்டை நுனியால் துடைத்தார். இதை ஏன் செய்கிறோம் என்று யோசிக்கவில்லை, கை செய்தது. போனை நிமிர்த்தி ஸ்டூலில் வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்.

நர்ஸ் யூனிபார்மைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மனைவி கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து நின்றாள்.

"சரியாச்சா?"

"ஆச்சு."

"என்னவாம்?"

"பெட்டிலதான் கோளாறு. அங்கேருந்தே சரி பண்ணிட்டாங்க."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவருக்கே தெரியாது. இதைச் சொல்லிவிட்டால் அவள் என்ன ஆவாள் என்பது மட்டும் தெரிந்தது. அவருடைய தூக்கத்துக்காகச் செய்தது. அவருடைய கண்ணுக்காக. இனிமேல் இது அவரோடு இருக்கட்டும்.

"எங்க, அடிங்க பாப்போம்."

மொபைலை எடுத்தார்.

"இங்கேருந்து வேணாம், கிட்ட நின்னு பேசினா கொய்யுன்னு கத்துது. வாசப்படிக்குப் போங்க."

போனார். வாசலில் நின்று திரும்பினார். ஹாலின் அந்தக் கோடியில் அவள் ஸ்டூல் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

போன் அடித்தது. வீடே அதிர்கிற மாதிரி அடித்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பிறகு முகம் முழுக்கச் சிரித்தாள். "அதே சத்தம்" என்று வாயசைவில் தெரிந்தது. எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள். இன்னொரு முறை அடித்தது, இன்னொரு முறையும் அடித்தது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் அதிலிருந்து விலகியது. இந்தச் சத்தத்தைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று அவள் தேடுவது இவருக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. அவள் பார்வை போனைவிட்டு ஜன்னலோரத்துக்குப் போனது. அங்கே இப்போது ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் கொஞ்ச நாள் கட்டில் கிடந்த இடம். நிறுத்திவிடலாம் என்று விரலை மொபைல்மேல் கொண்டுபோனார். அதற்குள் அவள் ரிசீவரை எடுத்துவிட்டாள்.

"ஏங்க."

அது ஹாலிலிருந்து ஒரு தடவை காதில் விழுந்தது. கொஞ்சம் பிந்தி, மொபைலுக்குள்ளிருந்து இன்னொரு தடவை விழுந்தது.

"சொல்லு."

"பெட்டி இன்னைக்குத்தானே வந்துச்சு."

"ஆமா."

 அவள் மூச்சு மட்டும் மொபைலுக்குள்ளிருந்து வந்தது. இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கண்ணு பண்ணினப்போ," என்றாள். "நான்தான் கொறச்சு வச்சேன். அப்புறம்... அப்புறம் அத நான் ஏத்தினேனா?"

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.  முதலில் சொன்னதுதான் கைவசம் இருந்தது.

"பெட்டிலதான் கோளாறு," என்றார்.

ஹாலுக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு அது நேராகவே கேட்டிருக்கும். அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, கண்ணை மூடி, ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, அந்தச் சொல் போன் வழியாக வந்து சேர்வதற்குக் காத்துக்கொண்டிருந்தாள்.