திருவொற்றியூருக்கு வந்த இலையுதிர்காலம்

பருவங்களைக் கொண்டாடத் தெரிந்த சமூகங்களே மானுட வரலாற்றில் தலைநிமிர்ந்து நின்றிருக்கின்றன.

நோட்டீஸ் இப்படித்தான் தொடங்கியது. அடுத்த வரியில் சுண்டல் இலவசம் என்று இருந்தது.

முதல் வரி குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொன்ராஜுடையது. இரண்டாவது வரியைப் பொருளாளர் ஜுபைர் அடம்பிடித்துச் சேர்க்க வைத்தார். "மொத லைனுக்கு ஒர்த்தனும் வர மாட்டான் மாமு. ரெண்டாவதுக்கு வந்தாலும் வருவான்" என்றார். தண்டையார்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எது விலைபோகும், எது போகாது என்று அவருக்குத் தெரியும்.

விழாவுக்குப் பெயர், 'முதலாம் ஆண்டு இலையுதிர்கால இலவசக் குடும்பப் பெருவிழா'. திருவொற்றியூரில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் காலம் உண்டு, மழைக்காலம் உண்டு, இரண்டுக்கும் நடுவில் கொசுக்காலம் உண்டு. 'சீ பிரீஸ் ரெசிடென்சி' அடுக்குமாடியைச் சுற்றி உதிர்வதற்கு இலை வைத்திருந்தது ஒரே ஒரு புங்கமரம். அதையும் போன மாதம் ஒயரில் இடிக்கிறதென்று மொட்டையடித்திருந்தார்கள்.

ஆனால் பொன்ராஜின் மச்சினன் கனடாவில் இருந்தான். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில் ஏரியாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக ஒரு மைதானத்தில் கூடி, ஆரஞ்சு நிறப் பூசணிகளில் கண்ணும் வாயும் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி, அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'எல்லாமே ஃப்ரீ மாமா' என்று கீழே எழுதியிருந்தான்.

பொன்ராஜ் அந்தப் படத்தில் பூசணியைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்தார்.

மைதானம் என்று ஒன்று சீ பிரீஸுக்குப் பக்கத்திலேயே இருக்கத்தான் செய்தது. எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் நல்ல அகலமான புறம்போக்கு நிலம். அதில் இரவும் பகலும் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் நின்றன. பெயரில் இருந்த கடல் காற்று ஜன்னலைத் திறந்தால் டீசலாக வந்தது. பொன்ராஜின் மகள் எழில்மொழிக்கு ஒன்பது வயது. சைக்கிள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதைக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார்களுக்கு நடுவே, தூண்களைச் சுற்றிச் சுற்றித்தான் ஓட்டிப் பழகினாள். இடது பக்கம் திரும்ப அவளுக்கு அற்புதமாக வரும். நேராக ஓட்ட வராது.

மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் பொன்ராஜ் நடையாய் நடந்ததில், அங்கிருந்த அதிகாரி அம்மா கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார். "குடும்பங்க புழங்குற எடம்னு என் கண்ணால காட்டுங்க சார், பசங்க பார்க்குக்கு எழுதறேன். இல்லன்னா லாரி ஸ்டாண்டுக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

அதற்காகத்தான் இந்தப் பெருவிழா. அந்தப் பார்க்கின் கல்வெட்டில் யார் பெயர் இருக்கும் என்பதையும் பொன்ராஜ் யோசித்து வைத்திருந்தார். அது வேறு விஷயம்.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு மணிக்கு மைதானம் துடைத்துவிட்டது போல் காலியாக இருந்தது. மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் வியந்தார்கள். போலீஸில் சொல்லி, மனு கொடுத்து, ஒருமுறை சண்டையும் போட்டு அசையாத டிரெய்லர்கள், செயலாளர் ஒரு வார்த்தை சொன்னதும் காணாமல் போயிருந்தன. பொன்ராஜுக்குக் கண்டெய்னர் யார்டு ஒன்றில் கேட் இன்சார்ஜ் வேலை. ஒரு வார்த்தை என்றால் என்ன வார்த்தை, யாரிடம் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவருக்கும் இல்லை. ஆறு மணி வரைக்கும்தான் என்று பேச்சு.

அவர் தம் கல்யாண வருடத்தில் தைத்த சாம்பல் நிறச் சஃபாரியில் வந்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் சஃபாரி வளரவில்லை. அதனால் போட்டிருந்த நூற்றுக்கணக்கான நாற்காலிகளில் ஒன்றில்கூட உட்காராமல், வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டேயிருந்தார். வடகிழக்கில் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

"ஜனம் வரலையே பாய்."

"வருவாங்க. நீ மொதல்ல மூச்சு வுடு."

"விட முடியாது" என்றார் பொன்ராஜ் உண்மையாகவே.

முதலில் வந்தது கன்னியம்மா. சீ பிரீஸுக்கு மீன் கொடுப்பவள். பக்கத்துக் குப்பம் அவளை உளவு பார்க்க அனுப்பியிருந்தது.

"இன்னா நைனா, காலீலேர்ந்து ஆட்டோல கத்திகினே கீறீங்க. எந்தக் கட்சி?"

"இது கட்சி சார்பற்ற விழா அம்மா."

"அது கெடக்குது. எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்லம்மா. மக்கள் விழா."

"சேல குடுப்பியா?"

"இல்லை."

"பிரியாணி?"

"சுண்டல்."

"அப்பால போன்ல நம்பரு வரும், அத்த சொல்லுன்னு கேப்பியா? எங்க மருமவ அப்டித்தான் ஏமாந்துட்டு வந்து அயுதுகினு நின்னா."

"ஒண்ணுமே கேக்க மாட்டோம்மா. குடும்பத்தோட வந்து, சும்மா சந்தோஷமா இருந்துட்டுப் போங்க."

"சும்மாவா?"

ஐஸ் மீனைப் புது மீன் என்று நீட்டுகிறவனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள் கன்னியம்மா. திரும்பிப் போனாள். கால் மணி நேரத்தில் குப்பமே வந்துவிட்டது. ஒன்றுமே கேட்காமல் ஒன்றைக் கொடுக்கிறவன் எப்படி இருப்பான் என்று எல்லாருக்கும் பார்க்க வேண்டியிருந்தது. குப்பம் வந்ததைப் பார்த்து, எங்கே நம் சுண்டல் தீர்ந்துவிடுமோ என்று மாடிகளும் இறங்கி வந்தன.

பூசணிக்காய்கள் ஒரு டாடா ஏஸ் நிறைய வந்து இறங்கின. பொன்ராஜ் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக் கனடாப் படத்தையும் பார்த்தார்.

"பாய், படத்துல ஆரஞ்சு கலர்ல இருக்கு. இது வெள்ளப் பூசணி."

"கோயம்பேட்டுல ஆயுத பூஜ போக மிஞ்சினது. சும்மா அள்ளிக் குட்த்தான். கலரா முக்கியம்? பூசணி பூசணிதான் மாமு."

குழந்தைகள் ஆளுக்கொன்றை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கத்தியால் தலையில் ஓட்டை போட்டுக் கொடுக்கும் வேலையை ஜுபைர் எடுத்துக்கொண்டார். கண், வாய் எல்லாம் குழந்தைகளின் சொந்தக் கற்பனை. கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க முறுக்கு மீசையும், கோரைப்பல்லும், முழ நீள நாக்குமாக முழித்தது. கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளின் முன்னால் தொங்குமே, அந்த முகம். அவர்கள் பிறந்ததிலிருந்து பூசணியில் பார்த்த முகம் அது ஒன்றுதான்.

"சிரிக்கிற முகம்! சிரிக்கிற முகம்!" என்று படத்தைக் காட்டிக்கொண்டே பொன்ராஜ் ஓடினார்.

"இது சிரிச்சுகினுதான் அங்கிள் கீது" என்றாள் ஜுபைரின் மகள் ஜஸீமா, தன்னுடைய பூசணியின் பற்களைக் காட்டி.

பொன்ராஜ் அதிகாரியின் டிரைவருக்கு மறுபடி போன் போட்டார். கிளம்பிவிட்டார்கள் என்றான். அதையேதான் நாலரைக்கும் சொன்னான். ஐந்தே காலுக்கு மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். கடற்காற்று உடனே அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அணைத்தது. கன்னியம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "பூசணிக்கு எவனாச்சும் மெயுகு வத்தி வெப்பானா? கலீஜ் பண்றீங்களே" என்று இடுப்பிலிருந்து கற்பூரப் பொட்டலத்தை எடுத்தாள். கற்பூரம் நின்று எரிந்தது.

அப்போது ஜீப் வந்தது.

அதிகாரி அம்மா இறங்கினார். நாற்காலிகளை நிறைத்திருந்த குடும்பங்களைப் பார்த்தார். அங்கங்கே எரியும் தலைகளையும் பார்த்தார். பொன்ராஜ் மைக்கைப் பிடித்து, "மானுட வரலாற்றில்..." என்று தொடங்குவதற்குள் கன்னியம்மா ஒரு பூசணியோடு ஜீப்பின் எதிரே போய் நின்றுவிட்டாள். கற்பூரம் எரியும் பூசணி கையில் இருக்கிறது, எதிரில் ஒரு பெரிய மனுஷி வந்து நிற்கிறாள். இதற்கு மேல் ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, ஆபீசு கண்ணு..."

"ஐயோ, வேணாம்மா" என்ற அதிகாரி, பூசணி தலைக்கு மேல் ஒரு சுற்று வந்ததும் கண்ணை மூடிக் கைகட்டி அசையாமல் நின்றார். சுற்றும்போது அசையக் கூடாது என்று அவர் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். மூன்று சுற்று. கன்னியம்மா வாசலுக்கு நடந்து போய்ப் பூசணியை ஓங்கித் தரையில் அடித்தாள். அது வெடித்துச் சிதறிய சத்தத்தில் குழந்தைகளின் முகங்கள் மலர்ந்தன. விழா தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக.

"நானு! நானு!"

அதற்கப்புறம் யார் பேச்சும் எடுபடவில்லை. அப்பாக்களைச் சுற்றினார்கள், ஆயாக்களைச் சுற்றினார்கள், ஜீப்பைச் சுற்றினார்கள். எல்லாவற்றையும் வாசலுக்குத் தூக்கிப்போய் உடைத்தார்கள். ஜஸீமா ஜுபைரைச் சுற்றி உடைத்தபோது அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "கனடால இப்டித்தான் பண்றாங்களா மாமு?" என்றார். அதிகாரி அம்மா சுண்டல் தின்றுகொண்டே வாய்விட்டுச் சிரித்தார். "இப்டி ஒரு ஃபேமிலி ஃபங்ஷன் நான் பார்த்ததே இல்ல சார்."

பொன்ராஜ் சந்தோஷப்படாமல் வாசலைப் பார்த்தார். அது வெள்ளைச் சேறாகக் கிடந்தது. மைக்கில் அறிவித்தார்: "நுழைவாயிலில் பூசணித் துண்டுகளால் வழுக்கும் அபாயம் உள்ளது. பெரியோர்கள் நிதானித்து நடக்கவும்." பாதுகாப்பில் தாம் காட்டும் அக்கறையை அதிகாரி கவனித்தாரா என்று தெரியாததால், இன்னொரு தடவையும் அறிவித்தார்.

மணி ஆறைத் தாண்டியிருந்தது. அந்த வெள்ளைச் சேற்றைச் சர்வ ஜாக்கிரதையாகத் தாண்டி, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். டிரெய்லர் டிரைவர் ஆண்ட்ரூ.

"சார், ஆறு மணின்னீங்க. நம்ம யார்டு வண்டி அல்லாம் எக்ஸ்பிரஸ் ரோட்டுல நின்னுகினு கீது. போலீஸு பேஜார் பண்றாங்கோ. உள்ள வுட்றவா?"

பொன்ராஜ் நிமிர்ந்து நின்றார். "தாங்கள் யார்?"

ஆண்ட்ரூ திரும்பித் தமக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "இன்னா சார், தாங்கள் கீங்கள்னுகினு... நான் ஆண்ட்ரூ சார்."

"ஆண்ட்ரூ மாமா!" எழில்மொழி சைக்கிளில் இடது பக்கமாக ஒரு பெரிய வட்டம் போட்டு வந்து நின்றாள். "அப்பா, என் சைக்கிளே மாமா வண்டிலதானே வந்துச்சு?"

அதிகாரி சுண்டல் தொன்னையைக் கீழே வைத்தார். "உங்க யார்டு வண்டிங்களா சார் இங்க நிக்கிறது?"

"ஆமா மேடம்" என்று ஆண்ட்ரூ நல்லெண்ணத்தோடு முந்திக்கொண்டார். "கேட்டாண்ட க்யூ நின்னா மேனேஜரு கத்துவாரு. அத்தொட்டுதான் சாரு இந்த எடத்தக் காமிச்சாரு. இல்லாங்காட்டி நாங்க எங்க போவோம்? சாரு மன்சு எவனுக்கு வரும்?"

மாடிக்காரர்கள் எல்லாரும் பொன்ராஜைப் பார்த்தார்கள். ஜுபைர் சுண்டல் குண்டானுக்குள் பார்த்தார். பார்க், கல்வெட்டு, செயலாளர் பதவி எல்லாம் கண் முன்னால் பூசணி போல் சிதறிக் கிடந்தன. இப்போது பெரிதாக ஏதாவது செய்தாக வேண்டும். பொன்ராஜ் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"இந்த நிமிடம் முதல், இந்த மண்ணில் ஒரு சக்கரமும் படாது!"

எழில்மொழி பயந்துபோய்ச் சைக்கிளிலிருந்து இறங்கினாள்.

இந்தச் சபதம் எதையும் கேட்டிராத முதல் டிரெய்லர், சரியாக அப்போது முகப்பு விளக்கோடு வாசலில் திரும்பியது. பொன்ராஜ் வலது கையை உயர்த்தி, இடது கையில் மைக்கோடு, அதை நோக்கி நடந்தார். நடை வேகமெடுத்தது. அந்த நடையில் ஒரு கம்பீரம் இருந்தது என்றே எல்லாரும் பிறகு சொன்னார்கள். வாசலை அடைந்ததும் அவருடைய இரண்டு கால்களும் தனித்தனியாகப் போயின.

உட்கார்ந்தார். டிரெய்லர் உஸ்ஸென்று பிரேக் போட்டு நின்றது. அதன் முன்னால், வெள்ளைச் சேற்றின் நடுவில், ஒரு செயலாளர் அமர்ந்திருந்தார்.

ஜுபைர் ஓடிவந்து கை நீட்டினார். "எந்திரி மாமு."

பொன்ராஜ் தலையசைத்தார். "மாட்டேன்."

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா? எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன் பாய்!"

மைக் அணையாமல் கையிலேயே இருந்தது. ஒலிபெருக்கி நாலு தெருவுக்கும் அதைச் சொன்னது.

 கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மறியலா நைனா? ஒரு வார்த்த சொல்லிட்டு குந்த வோணாமா?" என்று சேலையை வரிந்துகொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ மறியல் பார்த்தவள். குப்பத்துப் பெண்கள் அவள் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். குழந்தைகள் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தயங்கி, துப்பட்டாவை விரித்து, மாடிகளும் உட்கார்ந்தன. ஆண்ட்ரூ நிலைமையைப் பார்த்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்.

அதிகாரி அம்மா போனில் யாரிடமோ பேசினார். நாளைக் காலையிலேயே வாசலில் கல் தூண் நடச் சொன்னார். "சொந்த யார்டு வண்டியவே மறிச்சு ஒக்காந்துட்டாரு. இதுக்கு மேல நான் என்ன பார்க்கணும்? பார்க்குக்கு எழுதறேன்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சீ பிரீஸ் வாட்ஸ்அப் குழுவில் படம் ஏறிவிட்டது: 'மண்ணில் அமர்ந்த மாவீரர்.' எழில்மொழி சைக்கிளை எடுத்து, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நேராக ஓட்டினாள். கோடியில் இடது பக்கம் திரும்பினாள்.

தூறல் விழுந்தது. ஜீப் போனது. குண்டானைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஜனம் கலைந்தது. பொன்ராஜ் மட்டும் உட்கார்ந்தேயிருந்தார்.

"அல்லாரும் போய்ட்டாங்க மாமு. லாரியும் போய்ட்ச்சு. எந்திரி" என்றார் ஜுபைர்.

பொன்ராஜ் இருபுறமும் பார்த்தார். மைக்கை அணைத்தார்.

"வூட்டுலேர்ந்து ஒரு லுங்கி எட்தாந்து குடு பாய்" என்றார்.

சஃபாரி பேன்ட் பின்பக்கம் பெல்ட்டிலிருந்து முட்டி வரை கிழிந்திருந்தது.