முதலாளி பேச்சுக்கு இங்கிலீஷ்

திருத்தணியில் பிள்ளைகளைப் பி.ஏ. படிக்க அனுப்புவதற்கென்றே ஒரு சபை இருந்தது. அது தொடங்கிய நாளிலிருந்து ஊரில் ஒரு பிள்ளையும் பி.ஏ. படிக்கப் போகவில்லை. இதை யாராவது தலைவர் துளசிங்கத்திடம் சொல்லியிருந்தால், "பாத்தியா, அதுக்குத்தான் சபை வேணும்னு சொல்றது" என்று அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்திருப்பார்.

துளசிங்கம் அரிசி மில் முதலாளி. அவரைப் 'பாவா' என்று கூப்பிடும் மச்சான் கஜபதி சபைக்குக் காரியதரிசி. பத்திரம் எழுதிப் பிழைக்கிறவர். இங்கிலீஷ் தெரியும் என்று ஊரில் பேர். மற்ற அங்கத்தினர்கள் மாலை போடவும் போட்டோவில் பின்வரிசையில் நிற்கவும் பயன்பட்டார்கள்.

மில்லில் கணக்கு எழுதும் சற்குணத்துக்குச் சபையின் உள்ளும் புறமும் தெரியும். ஏனென்றால் சபையின் இங்கிலீஷ் முழுவதும் அவர் கொடுத்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பாதிரியாரிடம் அடி வாங்கிக் கற்ற இங்கிலீஷ். கலெக்டர் வந்தாலும் ரேஷன் ஆபீசர் வந்தாலும் துளசிங்கம் தமிழில் உறுமுவார். சற்குணம் அதை இங்கிலீஷில் கும்பிடுவார். "ஆங், சொல்லிட்டேங்க" என்பதற்கு மேல் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்ததால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த இரண்டாம் உலக யுத்த காலத்தில் மேற்படிப்பு என்பது இரண்டு படி. பள்ளிக்குப் பிந்திய இரண்டு வருஷ இண்டர்மீடியட்டை, அதற்கு மேல் வகுப்பில்லாத வெளியூர் இரண்டாம் தரக் காலேஜ்களில் முடித்துவிடலாம். பி.ஏ.வுக்கு மெட்ராஸில் முதல் தரக் காலேஜுக்கு மாற வேண்டும். முதல் படி ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவது படிக்கு முன்னால் நின்றே வயதாகிப் போனார்கள். இந்த இடைவெளியில்தான் சபை கடை விரித்திருந்தது.

சபை உதவிய முதல் பிள்ளை பச்சையப்பன். அவனை நல்ல முகூர்த்தம் பார்த்து மெட்ராஸுக்கு அழைத்துப் போனார்கள். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. காலேஜ் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை கரிநாள் என்று திரும்பிவிட்டார்கள். இன்று பச்சையப்பன் துளசிங்கத்தின் மில்லில் மூட்டை நிறுத்துக்கொண்டிருக்கிறான். இண்டர்மீடியட் படித்தவன் நிறுத்தால் எடை சரியாக இருக்கும் என்று துளசிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். அடுத்தவன் ஜீவரத்தினத்துக்கு வழியனுப்பு விழா அத்தனை விமரிசையாக நடந்ததில் ரயில் போய்விட்டது. ஆனால் இருவருடைய போட்டோவும் மில் ஆபீசில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

ஆகவே, தன் மகள் தேவசுந்தரி இண்டர்மீடியட் தேறியபோது சற்குணம் செய்த முதல் காரியம், அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான்.

தேவசுந்தரிக்குக் கணக்கு என்றால் உயிர். மெட்ராஸில் ஒரு பெண்கள் காலேஜில் பி.ஏ. கணக்குக்குப் புதன்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஆதரவில்லாத ஒரு பெண்ணுக்கு விடுதியில் இலவச இடமும் உண்டு. அது கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் கனகம்மாசத்திரம் மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு 'அ, ஆ' சொல்லிக் கொடுக்கும் வேலை தயாராக இருந்தது. பாதிரியாரம்மா ஏற்கெனவே நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டாள்.

"யாருக்கும் தெரியாம விடியக்காலை ரயில்ல போயிட்டு வந்துடலாம்பா" என்றாள் தேவசுந்தரி.

"ஆங்" என்றார் சற்குணம்.

ஆனால் அவர் மனைவி கிரேஸுக்கு வாய் கொள்ளவில்லை. மிஷன் கோவிலில் ஜெபக் குறிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆண்டவர் காதில் விழுவதற்கு முன் அது துளசிங்கத்தின் காதில் விழுந்தது.

"என்ன சற்குணம், நம்ம வூட்டுப் பொண்ணு காலேஜ் போவுது, எங்கிட்ட சொல்லாம போறியா? நான் செத்தா பூட்டேன்? நானே வர்றேன்" என்றார் துளசிங்கம்.

கஜபதி விரல் விட்டு எண்ணினார். "சற்குணம், பொண்ணு, நீங்க. மூணு பேராச்சே பாவா! மூணு பேராப் போனா காரியம் வெளங்குமா? நானும் வர்றேன்."

கிறிஸ்துமஸ் நாடகத்தில் நட்சத்திரம் பார்த்துப் போகிற ஞானிகள் மூன்று பேர்தானே, அவர்கள் காரியம் விளங்கவில்லையா என்று சற்குணத்துக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. கஜபதி போகிறார் என்றதும் அவருக்கு ஆகாதவர்கள் தாங்களும் வருவோம் என்றார்கள். அவர்கள் போனால் இவர்களை விடலாமா? கடைசியில் ஒரு பஸ்ஸே பிடிக்க வேண்டியதாயிற்று.

"கூட்டமா போனாத்தான் வெயிட்டு. தனியா போனா நாதியத்தவன்னு நெனைச்சுக்குவான்" என்றார் துளசிங்கம். அந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கும் அப்படித்தான், கோர்ட்டுக்கும் அப்படித்தான். ஆள் கணக்குதான் மரியாதை.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். அதை மூட்டிப் புகையவிட்டு எல்லாரும் வந்து சேர்வதற்குள் எமகண்டம் பிறந்துவிட்டது. அது கழியட்டும் என்று உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்கள். தேவசுந்தரி ஜன்னல் ஓரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கனகம்மாசத்திரத்தில் துளசிங்கம் இறங்கி, கடை கடையாக, "நம்ம சபை பொண்ணு, பி.ஏ. பண்ணப் போவுது" என்று அறிமுகம் செய்தார். சற்குணம் ஒவ்வொரு கடை வாசலிலும் கும்பிட்டார். உள்ளுக்குள் கொதித்தது. கொதித்து என்ன செய்ய, மாதா மாதம் கை நீட்டுகிற இடம்.

காலேஜ் வாசலில் போய் நின்றபோது கடைசிப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்களைப் பார்த்ததும் காவல்காரன் கேட்டை இழுத்துச் சாத்தினான். பெண்ணோடு இரண்டு பேருக்கு மேல் விட முடியாது என்றான்.

"மூணு பேரா? ஆவவே ஆவாது" என்று கஜபதி கேட்டுக்குள் காலை விட்டுக்கொண்டார். காவல்காரன் மணியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு நான்கு பேரை உள்ளே விட்டான்.

பிரின்சிபால் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தேவசுந்தரியிடம் நாலைந்து கேள்வி கேட்டாள். அவள் பதில் சொல்லச் சொல்ல அம்மாளின் முகம் மலர்ந்தது. கணக்கு வகுப்பில் இடம் உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டாள். சற்குணத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்து விடுதி விஷயம். அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கேட்டருகில் பஸ் புகைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பட்டு அங்கவஸ்திரங்கள்.

"இவர்களெல்லாம் யார்?" என்று கேட்டாள்.

"என்ன கேக்கறாங்க? சபையப் பத்தியா? தள்ளு, நான் சொல்றேன்" என்று துளசிங்கம் எழுந்துவிட்டார். "சற்குணம், இங்கிலீஷ்ல சொல்லு. திருத்தணி சபை இருக்கற வரைக்கும் இந்தப் பொண்ணுக்கு ஒரு கொறையும் வராது. சோறு, துணி, பொஸ்தகம், ஆஸ்டலு எல்லாம் சபையே பாத்துக்கும். எவன் தயவும் தேவையில்ல."

சற்குணத்தின் வாய் பழக்கத்தில் போய்விட்டது. முதலாளி சொன்னதை அப்படியே, இன்னும் கொஞ்சம் மெருகோடு, அழகான இங்கிலீஷில் சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. தேவசுந்தரி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் சாகிற வரை மறக்கப் போவதில்லை.

"ரொம்ப நல்லது" என்றாள் அம்மாள். "இலவச இடம் ஆதரவில்லாத பெண்களுக்கு. உங்கள் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஊரே இருக்கிறது. அதை வேறு யாருக்காவது கொடுக்கிறேன்." பேனாவை எடுத்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் துளசிங்கம்.

"சந்தோசம்ங்கறாங்க" என்றார் சற்குணம்.

"பாத்தியா! இன்னும் சொல்லு." துளசிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சபையின் சரித்திரத்தை ஆரம்பித்தார். பச்சையப்பன் வந்தான், ஜீவரத்தினம் வந்தான், மலைமேல் இருக்கிற சுப்பிரமணியசாமியின் அருள் வந்தது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, "ம்" என்று சற்குணத்தைப் பார்த்தார்.

சற்குணம் கஜபதியை ஒரு தரம் பார்த்தார். இங்கிலீஷ் தெரிந்தவர் என்று ஊரே சொல்கிற ஆள். தெரிந்திருந்தால் இன்றோடு மில் வேலைக்கு முழுக்கு. பிறகு எப்போதும் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு, குரலில் அதே பணிவோடு இங்கிலீஷில் சொன்னார்:

"அம்மா, இவர் என் முதலாளி. இவர் பேசுவதை இங்கிலீஷில் சொல்வது என் வேலை. சற்று முன் சொன்னது வேலைக்காகச் சொன்னது, உண்மை அல்ல. இந்தச் சபை இதுவரை ஒரு மாணவனுக்கு ஒரு வேளைச் சோறு போட்டதில்லை. வெளியே நிற்கிறவர்கள் இங்கிருந்து சமுத்திரம் பார்க்கப் போகிறார்கள். இவர்கள் உதவி செய்த பையன் மூட்டை நிறுக்கிறான். என் மகளுக்கு நான் ஒருவன்தான் ஆதரவு. நான் இப்போது பேசுவது இவருக்குப் புரிந்தால் அந்த ஆதரவும் போய்விடும்."

துளசிங்கம் தன் புகழ் அம்மாளின் முகத்தில் ஏறுவதைப் பார்த்துக் கைகூப்பினார். கஜபதி தலையை ஆட்டி, "கரெக்ட்டா சொன்னான் பாவா. ஒரு வார்த்தை வுடல" என்றார்.

சற்குணத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. இந்த மனிதனுக்கா இத்தனை வருஷம் பயந்தோம்!

அம்மாள் முதலாளியையும் சற்குணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அவரைக் கேளுங்கள். இந்த வருஷ விடுதிச் செலவுக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்?" என்றாள்.

சற்குணம் கேட்டார். துளசிங்கம் கஜபதியைப் பார்த்தார். கஜபதி மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"அதுக்கென்னா, சபை கூடித் தீர்மானம் போட்டுச் சொல்லி அனுப்பறோம்னு சொல்லு" என்றார் துளசிங்கம்.

அதைச் சற்குணம் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இங்கிலீஷில் சொன்னார். அம்மாளின் வாய் ஓரம் துடித்தது. கீழே குனிந்து எழுதினாள். "இலவச இடம் உங்கள் மகளுக்கு. திங்கட்கிழமை வரட்டும். தனியாக வந்தால் போதும்" என்றாள்.

வெளியே வந்ததும், இடம் கிடைத்துவிட்டது என்று சற்குணம் சொல்ல, துளசிங்கம் தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து வீசினார். "வாங்கிட்டோம்டா சீட்டு!" பின்வரிசைக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். பஸ் சமுத்திரத்துக்குப் புறப்பட்டது. தேவசுந்தரி வழி நெடுக அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் சற்குணம் மில்லில் இன்னும் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். ஆனால் சபை ஒரு காரியத்தை அதோடு விடுகிற சபை அல்ல.

மறுநாள் சாயங்காலம் மில் களத்தில் வெற்றி விழா. மேடையில் நடுநாற்காலியில் துளசிங்கம். பக்கத்தில் சபை அடுத்து உதவப் போகிற பிள்ளை, பள்ளிப்பட்டு நெசவுக்காரர் வீட்டு ஆறுமுகம். கழுத்தில் காது வரைக்கும் மாலை. அவனுக்கு மெட்ராஸில் நேரில் வரச் சொன்ன நாள் சனிக்கிழமை. அதற்குள் நல்ல நாள் இல்லை என்று கஜபதி பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பையன் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தான். மூட்டைகளுக்குப் பக்கத்தில் பச்சையப்பன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

துளசிங்கம் பேசினார். வெகு நேரம் பேசினார். கடைசியில், "நேத்து அந்தத் தொரசானிகிட்ட நான் சொன்னத நம்ம சற்குணம் இங்கிலீஷ்ல எடுத்து வுட்டான் பாருங்க, அந்தம்மா அப்பிடியே ஆடிப் பூட்டா. சற்குணம், அத்த அப்பிடியே தமிழ்ல சொல்லு. ஊர் கேக்கட்டும்" என்றார்.

சற்குணம் மேடை ஏறினார். நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு இறங்கிவிடலாம். அவருக்குத் தூக்கத்தில்கூட வருகிற வேலை அது. கீழே கிரேஸ் வெள்ளைச் சேலையில் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். அவர் ஆறுமுகத்தைப் பார்த்தார், பச்சையப்பனைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த தூரம் நாலு எட்டுதான்.

"அப்பிடியே சொல்லட்டுமாங்க?" என்று கேட்டார்.

"அப்பிடியே!"

சொன்னார். வேலைக்காகச் சொன்னது, உண்மை அல்ல என்பதிலிருந்து தொடங்கி, சோறு, சமுத்திரம், மூட்டை எல்லாவற்றையும், ஒன்றையும் விடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, பணிவாகச் சொன்னார். முடித்ததும் துளசிங்கம்தான் முதலில் கைதட்டினார். அந்தச் சபையில் யார் பேச்சையும் யாரும் கேட்பதில்லை, நிறுத்தினால் தட்டுவார்கள். பின்வரிசையும் தட்டியது. தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக விஷயம் உறைத்தது. கடைசியாகத் துளசிங்கத்தின் கைகள் நின்றன.

சற்குணம் இடுப்பிலிருந்த மில் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். அடுத்த மாதம் அரிசிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கிரேஸ் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். தேவசுந்தரி எழுந்து வந்து அம்மாவின் தோளில் கைவைத்தாள்.

களத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. ஆறுமுகம். கழுத்தில் மாலை இல்லை.

"ஐயா, சனிக்கிழமை காலையில மெட்ராசுக்கு மொத ரயில் எத்தினி மணிக்குங்க?" என்று கேட்டான்.